மலைத்தெய்வங்களும் முகமூடி வாதமும்

கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை, தேனியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் வழியே குமுளியை நோக்கிக் கறுப்பும் நீலமும் உடுத்த யாத்திரிகர் கூட்டம் இடையறாது செல்லும் பருவத்தில், போடிநாயக்கனூரில் கற்றறிந்தோர் நால்வர் கூடிப் பேசும் இடங்களில் ஓர் அபிப்பிராயம் தவறாது எடுத்துரைக்கப்படும். சபரிமலையில் அமர்ந்திருப்பவர் உண்மையில் புத்தரே; ஏலமலைச் சரிவுகளில் மரத்தடிக் கல்லாக நிற்கும் சாத்தனும் அய்யனாரும் முனியும் அவரே, அன்றேல் அவருடைய பரிவாரமே; வைதிகம் தலையெடுத்த காலத்தில் அவர்கள்மீது இந்து முகமூடி மாட்டப்பட்டது; அதைக் கழற்றினால் பழைய முகம் வெளிப்படும் என்பதே அது. இதனை மறுக்கத் துணிபவன் பழமைவாதி என்று ஒதுக்கப்படுவான், அல்லது வரலாறு படிக்காதவன் என்று இரக்கம் காட்டப்படுவான். இவ்விரண்டில் எது வந்தாலும் வரட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இக்கொள்கை தெருவோரத்தில் பிறந்ததன்று. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதர், ஊர்த்தெய்வங்களையும் பண்டிகைகளையும் பௌத்தக் கண்கொண்டு திரும்பப் படித்தார், மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலில் அப்பொருளுக்கு இலக்கியச் சான்றுகளைத் திரட்டி வைத்தார். இருவரும் நம் வணக்கத்துக்குரியவர்கள். தமிழகத்தில் பௌத்தம் ஆயிரம் ஆண்டுக்குமேல் வேரோடி வாழ்ந்தது என்பதை மறந்துபோன ஒரு சமுதாயத்துக்கு அதை நினைவூட்டியவர்கள். என் வழக்கு அவர்களோடு அன்று. அவர்கள் தந்த தீப்பந்தத்தை வாங்கி, பார்க்கும் கல்லையெல்லாம் புத்தர் என்றும், அங்கே கும்பிட்டு நிற்பவனையெல்லாம் ஏமாந்தவன் என்றும் தீர்ப்பெழுதும் இன்றைய எளிய வாதத்தோடுதான்.

முதலில் அவர்கள் காட்டும் பிரமாணங்களைப் பார்ப்போம். அவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. அமரகோசம் புத்தருக்குரிய பெயர்களில் ‘சாஸ்தா’ என்பதையும் சேர்த்திருக்கிறது என்பது மெய். ஆனால் ஆசான் என்னும் பொதுப்பொருள் தரும் ஒரு பெயர் ஒருவருக்கு வழங்கிற்று என்பதற்காக அப்பெயர் தாங்கியோர் அனைவரும் அவரே என்று கொண்டால், பகவான் என்று அழைக்கப்படும் தெய்வம் ஒவ்வொன்றும் புத்தராகிவிடும். சரணகோஷத்தைப் பற்றியும் இவ்வளவே. சரணம் புகுதல் வைணவனுக்கும் சைவனுக்கும் பௌத்தன் கடனாகக் கொடுத்த வழக்கமன்று. சபரிமலை மூர்த்தியின் இருக்கையைக் காட்டுவார்கள். முழங்கால்களை வளைத்து யோகபட்டம் கட்டிய கோலம் யோக நரசிம்மருக்கும் யோக தட்சிணாமூர்த்திக்கும் உரியது. புத்தப் பிரதிமைக்கு அது இலக்கணமன்று. போதாததற்கு, அங்கே இப்போதுள்ள ஐம்பொன் திருவுருவம் 1950இல் கோயில் தீக்கிரையான பின்பு 1951இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சோழநாட்டு அய்யனாரோ பூரணை, புட்கலை என்னும் தேவியர் இருவர்க்கிடையே, கையில் செண்டு ஏந்தி வீற்றிருக்கிறார். மனைவியைத் துறந்து கானகம் ஏகிய ஒருவருக்கு இரண்டு மனைவியரைக் கட்டிவைத்துத்தான் அவரை மறைக்க வேண்டியிருந்தது என்று சொல்பவர், மறைத்தவனின் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவே மதிப்பிடுகிறார்.

சாத்தன் யார் என்பதற்கு நம் பழைய நூல்கள் விடை சொல்லாமல் இல்லை. முகமூடி வாதிகளுக்கு அவ்விடை உவப்பாக இல்லை என்பதே குறை. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் அவனைச் சிவபெருமானின் மகனாகப் பாடியிருக்கிறார். சிலப்பதிகாரமோ அதைவிட விசித்திரமான ஒரு சாத்தனைக் காட்டுகிறது. புகார் நகரத்தில் மாலதி என்னும் பார்ப்பனி, மாற்றாள் குழந்தைக்குப் பாலூட்டுகையில் அது விக்கி இறந்துவிட, பழிக்கு அஞ்சி அப்பிணத்தை ஏந்தியவாறு கோயில் கோயிலாக அலைகிறாள். கடைசியில் அவள் வரம் வேண்டிக் கிடப்பது பாசண்டச் சாத்தன் கோட்டத்தில். அங்கே ஓர் இளம்பெண் உருவில் வந்து குழந்தையைப் பறித்துச் சென்று சுடுகாட்டில் விழுங்கிவிடுகிறது இடாகினி என்னும் பேய். அழுது நிற்கும் தாயின்முன் சாத்தனே அக்குழந்தையாக வந்து கிடக்கிறான், வளர்கிறான், தேவந்தியை மணக்கிறான், பின் தன் தெய்வ உருவைக் காட்டி மறைகிறான். பாசண்டம் என்பது தொண்ணூற்றாறு வகைப் புறச்சமயக் கோவை. அவை அனைத்திலும் வல்லவன் இச்சாத்தன். இவன் புத்தனும் அல்லன், சிவகுமாரனும் அல்லன். எல்லாப் புறநெறிகளுக்கும் பொதுவாக, எதற்கும் தனியுடைமையாகாமல் நிற்கும் ஒரு தெய்வம். இவன் முகத்திலிருந்து எந்த முகமூடியைக் கழற்றுவது? அந்த இடாகினியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். அவளை வேறொரு தேசத்தில், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில், மறுபடி காண்போம்.

அத்தேசம் ஜப்பான். ஏலமலையைப் பற்றிய விவாதத்தில் ஜப்பானுக்கு என்ன வேலை என்று ஆக்ஷேபம் எழலாம். இதே வழக்கு அங்கே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது. நமக்கு அனுமானமாக மட்டும் எஞ்சியவை அங்கே தேதியிட்ட ஏடுகளாகவும் ஆலயச் சாசனங்களாகவும் கிடைக்கின்றன. காமி என்று அந்நாட்டார் வழங்கும் மலை, அருவி, குலதெய்வங்களுக்கும், சீனம் கொரியா வழியாக வந்த பௌத்தத்துக்கும், அதிலும் குறிப்பாக மந்திரமும் மண்டலமும் தீட்சையும் கொண்ட இரகசியப் பௌத்தத்துக்கும் இருந்த உறவு எவ்விதம் உருவாயிற்று என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

763இல் தாதோ மலையின் காமி, ஒருவர்மேல் ஆவேசித்து, நெடுங்காலப் பாவத்தால் இக்காமி உடலைப் பெற்றுத் துன்புறுவதாகவும், மும்மணிகளைச் சரணடைந்து இதிலிருந்து விடுபட விரும்புவதாகவும் கூறியதாம். மங்கன் என்னும் பிட்சு அம்மலையிலேயே அதற்காகச் சிற்றாலயம் எழுப்பினார். இங்கே தெய்வத்தை யாரும் புத்தர் என்று சொல்லவில்லை. தெய்வம் தெய்வமாகவே இருக்கிறது. ஆனால் கர்மத்துக்குக் கட்டுப்பட்ட ஜீவனாகப் பௌத்தம் அதற்கு ஓர் இடம் ஒதுக்குகிறது. இதைப் படிக்கும்போது மணிமேகலையில் வஞ்சி நகர் புகும் காதை நினைவுக்கு வராத தமிழன் இருக்கமாட்டான். வஞ்சியில் பத்தினிக் கோட்டத்தில் நிற்கும் கண்ணகியின் பிரதிமை மணிமேகலையிடம் பேசுகிறது: மதுரையை எரித்த வினை தன்னை விடாது; விண்ணுலக இன்பம் தீர்ந்தபின் மீண்டும் பிறந்து, புத்தன் தோன்றி அறம் உரைக்கும் காலத்திலேயே வீடு பெறுவேன் என்கிறது. சாத்தனார் பௌத்தர், கண்ணகியைப் போதிசத்துவர் என்று எழுத அவரை யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். அவர் அவ்வாறு எழுதவில்லை. அவளைத் தெய்வமாகக் கும்பிடவும் வைத்தார், வினைக்கு உட்பட்டவளாக இரங்கவும் வைத்தார். ஒன்றையொன்று அறியாத இரண்டு கடற்கரைகளில் பௌத்தர்கள் உள்ளூர்த் தெய்வத்தின் எதிரே நின்றபோது செய்த முதற்காரியம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அக்காரியத்துக்கு முகமூடி மாட்டுதல் என்று பெயரில்லை.

இரண்டாவது உறவு காவல். 749இல் ஹாச்சிமான் என்னும் காமி, நாரா நகரத்தில் எழும்பிய மாபெரும் புத்தப் பிரதிமைக்குத் துணைநிற்கத் தன் தென்தீவிலிருந்து பல்லக்கில் எழுந்தருளியதாகப் பதிவு உண்டு. பிற்காலத்தில் அவருக்கே போதிசத்துவர் என்னும் விருதும் கிடைத்தது. இதற்கு நிகரானதைத் தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டாம். போடியிலிருந்து தெற்கே உத்தமபாளையத்துப் பாறையில், ஒன்பது பத்தாம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன; வட்டெழுத்துச் சாசனங்கள் உள்ளன; அச்சணந்தி என்னும் ஆசிரியர் பெயர் உண்டு. அதே பாறையில் கோயில் கொண்டிருப்பவர் கருப்பண்ணசாமி. தீர்த்தங்கரருக்குக் கருப்பன் முகமூடி என்று யாராவது சொல்லத் துணிவார்களா? அழகர்கோயிலில் பெருமாளுக்குப் பதினெட்டாம்படிக் கருப்பன் காவல்; சபரிமலையிலும் பதினெட்டுப் படிகளின் அருகே கருப்பசாமி உண்டு. வைணவம், சமணம், சாத்தன் வழிபாடு என்று மூன்று வாசல்களில் ஒரே காவலன் நிற்கிறான் என்றால், அவன் எவருக்கும் முகமூடி அல்லன். அவனுக்கென ஒரு முகம் உண்டு, அதை யாரும் கடனாகக் கொடுக்கவில்லை.

இனி வருவதே விவகாரத்தின் உயிர்நிலை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஜப்பானியப் பிட்சுக்களும் கோயிற்குடும்பத்தாரும் சேர்ந்து, காமியர் புத்தர்களின் சுவடுகள் என்ற பழைய கொள்கையைத் தாண்டி, மிகத் துணிச்சலான ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். அரசகுலத் தேவியான அமதெராஸுவின் இஸே தலத்தில் உட்கோயில் கர்ப்பதாது மண்டலம் என்றும், வெளிக்கோயில் வச்சிரதாது மண்டலம் என்றும், தேவி இரகசியப் பௌத்தத்தின் தலைமைப் புத்தரான மகாவைரோசனரே என்றும் அவர்கள் வகுத்தார்கள். இஸேயிலோ பிட்சுக்கள் சன்னிதியை அணுகக்கூடாது, புத்தரைக் குறிக்கும் சொற்களைச் சொல்லவும் கூடாது என்ற விலக்கு இருந்தது. இதற்கு முஜூ என்னும் துறவி 1283இல் முடித்த தம் கதைத்தொகுதியில் ஒரு காரணம் பதிந்திருக்கிறார்: பௌத்தம் இத்தீவுகளில் பரவுமே என்று அஞ்சி அழிக்க வந்த மாரனிடம், நான் பௌத்தத்தை அண்டவிடேன் என்று தேவி வாக்குக் கொடுத்து அவனைத் திருப்பி அனுப்பினாளாம், ஆகவே வெளியே வெறுப்பு, உள்ளே இரகசியக் காப்பு. முகமூடி என்று ஒன்றிருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. அதை அணிந்திருப்பவளோ தேவி, தன் சொந்த விருப்பத்தால்.

இக்கட்டடத்தின் செங்கற்களில் சில நம் நாட்டிலிருந்து சென்றவை. வச்சிரதாது மார்க்கத்தைச் சீனத்தில் ஊன்றிய வச்சிரபோதியை மலய நாட்டவர் என்று சீனச் சரிதம் ஒன்று குறிக்கிறது. காஞ்சியில் நரசிம்மவர்ம பல்லவன் வேண்ட வறட்சி நீங்க மழைக்கு வேள்வி செய்தவர், இலங்கை சென்றவர், 720ஆம் ஆண்டளவில் சீனத் தலைநகரம் சேர்ந்தவர். அவர் சீடர் அமோகவச்சிரர். அவர்வழி வந்த ஹுயிகுவோவிடம் தீட்சை பெற்று 806இல் ஜப்பான் திரும்பிய குகாயே அங்கே இரகசியப் பௌத்தத்தின் ஷிங்கொன் மரபுக்கு முதல்வர். அம்மலயத்தை நம் ஏலமலையோடு ஒட்டவைத்து வச்சிரபோதியைப் போடிக்காரராக்கிவிடும் ஆசை எனக்கும் எழத்தான் செய்கிறது. அது முகமூடி வாதத்தின் உடன்பிறப்பு என்பதால் அதற்கு இடங்கொடேன்.

இவ்விடத்தில் இரண்டாவது ஒரு பிரபல அபிப்பிராயத்தையும் எதிர்கொள்ள வேண்டும். தூய பௌத்தம், தூய தெய்வ வழிபாடு என இரண்டு இருந்தன என்றும், வாமாசாரம் போன்ற நெறி புறம்பான தாந்திரிகச் சேறு இடையில் புகுந்து இரண்டையும் கெடுத்தது என்றும் அது சொல்லும். ஜப்பானில் அச்சேற்றுக்கு இட்ட பெயர் தச்சிகாவா மரபு. கபாலத்தை வைத்து, ஆண் பெண் சேர்க்கையால் சித்தி பெறும் ஒரு பூஜையை 1268இல் ஷின்ஜோ என்னும் துறவி கண்டித்து எழுதினார்; 1375இல் யூகாய் என்பவர் அப்பழியைத் தச்சிகாவா மரபின்மேல் சுமத்தினார். ஷின்ஜோ கண்டித்தது தச்சிகாவா மரபையே அன்று என்றும், எதிரிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்றும் அண்மைக்கால ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். ஆண் பெண் சேர்க்கையை இரு மண்டலங்களின் ஐக்கியமாகவும், கருவின் வளர்ச்சிப் படிகளைப் புத்தத்துவத்தின் படிகளாகவும் விரிக்கும் வியாக்கியானங்கள் ஏதோ மறைவிடத்துக் கூட்டத்தின் உடைமையல்ல. இஸே தேவியைப் பற்றிய இடைக்கால இரகசிய ஏடுகளில் அவை நடுமரபாகவே ஓடுகின்றன. அதற்கும் மேலே: 1288இல் ஃபுஷிமி சக்கரவர்த்தி முடிசூடியது தொட்டு, அரியணை ஏறும் சக்கரவர்த்திக்கு ஒரு மந்திர முத்திரை உபதேசம் நெடுங்காலம் இருந்துவந்தது, அம்மந்திரம் இடாகினியினுடையது. புகார்ச் சுடுகாட்டில் மாலதியின் கையிலிருந்த பிணத்தை விழுங்கிய பேய்மகள், நரியேறி, நெல்லின் காமியான இனாரியின் வழிபாட்டோடு கலந்து, ஒரு பேரரசின் பட்டாபிஷேகத்தின் நடுவில் நிற்கிறாள். நெறியுள் நின்றது எது, நெறிப்புறம் நின்றது எது என்று இனி யார் கோடு கிழிப்பது?

நம் நாட்டிலும் இதே கோட்டைப் பல்லவ மகேந்திரவர்மன் நையாண்டி செய்து காட்டியிருக்கிறான். அவனுடைய மத்தவிலாசப் பிரகசனத்தில் காஞ்சித் தெருவில் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன், பௌத்த பிட்சுவே திருடினான் என்று மல்லுக்கு நிற்கிறான், எடுத்ததோ நாய். காபாலிகனும் பிட்சுவும் தூரத்து மனிதர்களாக இருந்திருந்தால் அந்த நகைச்சுவைக்கு உயிர் ஏது? ஒரே வீதியில், ஒரே கள்ளின் வாசனையில், ஒருவர் பாத்திரத்தை மற்றவர் பாத்திரமென்று மயங்கும் அளவுக்கு அவர்கள் அருகருகே நின்றார்கள். பௌத்தம் தந்திரத்தால் கெட்டு மாண்டது என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த வாக்கியம், யூகாயின் கண்டனத்தைப் போல, வெற்றி பெற்ற கட்சியின் வாக்குமூலமே.

உறவு எப்போதும் ஒரே திசையில் ஓடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யோஷிதா கனெதொமோ என்னும் கோயிற்குடும்பத்து அறிஞர் பதினைந்தாம் நூற்றாண்டில் தராசைத் திருப்பிப் போட்டார்: காமி நெறியே வேர், சீன நீதிநூல்கள் கிளையும் இலையும், பௌத்தம் பூவும் கனியும் என்றார், அவ்வாறு சொன்னவருடைய சடங்குகளோ தலை முதல் கால்வரை ஷிங்கொன் மாதிரியில் அமைந்தவை. நம் மாமல்லபுரத்து ஆதிவராகக் குகைச் சாசனம் திருமாலின் பத்து அவதாரங்களில் புத்தரையும் எண்ணுகிறது. அதற்கு எதிர்த்திசையில், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர், அகத்தியனுக்குத் தமிழைக் கற்பித்தவர் அவலோகிதரே என்று துணிந்து எழுதினார். இதில் எவன் எவனுக்கு முகமூடி மாட்டினான்? ஒருவன் புத்தரைத் திருமாலுக்குள் வாங்குகிறான். மற்றொருவன் அகத்தியனையும் தமிழையும் அவலோகிதருக்கு மாணாக்கராக்குகிறான். இருவரும் தத்தம் சபையில் எல்லோரும் கேட்கச் செய்தார்கள், களவு ஏதுமில்லை. ஏலக்காயைச் சல்லடையிலிட்டால் பருமன் தெரியுமேயன்றி எந்த மலையில் காய்த்தது என்பது தெரியாது. முகமூடி வாதமும் அத்தகைய சல்லடையே. இந்து, பௌத்தம் என்னும் இரண்டு கண்கள் மட்டும் உள்ள அச்சல்லடையில் சாத்தனையும் கண்ணகியையும் கருப்பனையும் கொட்டிச் சலித்து, மேலே நிற்பதற்கு ஒரு பெயரும் கீழே விழுவதற்கு ஒரு பெயரும் இடுகிறார்கள்.

அந்த இரண்டு கண்கள் எப்போது உண்டாயின என்பதையும் ஜப்பானே சொல்கிறது. மொதோரி நோரினாகா, ஹிரதா அத்ஸுதானே ஆகிய தேசிய வித்துவான்கள் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பௌத்தக் கலப்பற்ற ஆதி நெறி ஒன்றைத் தேடினார்கள். 1868இல் புதிய அரசாங்கம் அத்தேடலைச் சட்டமாக்கியது. ஹாச்சிமானின் போதிசத்துவ விருது பறிக்கப்பட்டது. ஆலயங்களிலிருந்து புத்த விக்கிரகங்கள் வெளியேற்றப்பட்டன. பல எரிந்தன, பல விலைபோயின. பிரித்த பிறகு, என்றும் பிரிந்தே இருந்தன என்று பாடநூல் எழுதப்பட்டது. குரோதா தோஷியோ என்னும் வரலாற்றாசிரியர் 1975இலும் அதன்பின்னும் எழுதிய நூல்களில் அப்பாடநூலை உடைத்தார்: இடைக்காலத்தில் காமி நெறியாகிய ஷிந்தோ என்று தனியாக ஒரு மதமே இருந்ததில்லை, காமி வழிபாடு வெளிநெறியும் இரகசியநெறியும் சேர்ந்த பௌத்தம் என்னும் பெருங்கட்டமைப்பின் ஓர் அங்கமாகவே வாழ்ந்தது என்றார். குரோதாவிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. எல்லாவற்றையும் பௌத்தக் கட்டமைப்புக்குள் அடக்கும்போது, மலையடிவாரத்து விறகுவெட்டியின் காமி அவர் கையில் காணாமற்போய்விடுகிறது. ஆயினும் முகமூடியைக் கழற்றுவோம் என்று புறப்பட்டவர்களே புதுமுகத்தைச் செய்து மாட்டினார்கள் என்று அவர் நிறுவியதை அசைப்பது கடினம்.

அப்படியானால் இங்கே அழிவே நிகழவில்லையா என்று கேட்பார்கள். நிகழ்ந்தது. ஸ்ரீவிஜய மன்னர் பொருட்டு எழுந்து, இராசராசனின் ஊர்க்கொடையும் பெற்ற விகாரம் நின்ற நாகப்பட்டினத்தில், நெடுங்காலம் எஞ்சிய செங்கற்கோபுரம் ஒன்றை 1867இல் கிறித்தவப் பாதிரிமாருக்காக இடித்தார்கள். அவ்வட்டாரத்தில் மண்ணுக்கடியிலிருந்து முந்நூற்றைம்பது அளவில் புத்தச் செப்புத்திருமேனிகள் வெளிவந்தன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் வழிபட்டுவந்த சிலையைத் தொல்லியல் துறையினர் ஆராய்ந்து புத்தருடைய மகாலட்சணங்கள் அதில் உள்ளன என்று அறிக்கை தர, 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்று அது புத்தர் சிலையே எனத் தீர்ப்பளித்தது. கல்லைப் பற்றிய அம்முடிவு சரியானது. அதில் எனக்கு ஐயமில்லை. முகமூடி வாதம் அதிலிருந்து எடுக்கும் அனுமானமே பிழை. கல் புத்தருடையது, முனியப்பனோ கல் அல்லன். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் அழைத்த தெய்வம், அவர்கள் பட்ட பயம், அவர்கள் பெற்ற ஆறுதல் ஆகியவை சிற்பியின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. விடியலில் போடியிலிருந்து ஜீப்பேறிப் போடிமெட்டு கடந்து பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் காய் எடுக்கப் போகும் பெண்டிர், தோட்டத்து மரத்தடிக் கல்லின்முன் ஒரு கணம் நின்று கையெடுக்கையில், அவர்களுடைய தாத்தன் ஏமாற்றப்பட்டான் என்று எடுத்துச்சொல்வதை விடுதலை என்று கருதுவோர் உளர். அயோத்திதாசர் அவ்வாறு செய்யவில்லை; தம் மக்களுக்குத் தம் கையாலேயே ஒரு பௌத்தத்தைக் கட்டிக்கொடுத்தார். இஸே பிட்சுக்களும் செய்தது அதுவே. அது சமய நிர்மாணம். அதை வரலாற்றுத் துப்பறிதலாக மாற்றிச் சொல்லும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

கடைசியாக மங்கலதேவி. கூடலூருக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இரு மாநில எல்லையில் சிதைந்து நிற்கும் அக்கற்கோயில் ஆண்டுக்கொரு முறை சித்திரைப் பௌர்ணமியன்று மட்டுமே மக்களுக்குத் திறக்கிறது. அங்கிருப்பவள் கண்ணகியா, துர்க்கையா, பௌத்த தேவியா என்ற சண்டையும் அன்றைக்கே ஆண்டுதோறும் மலையேறுகிறது. பௌத்த தேவியே என்போர் தவறாமல் இலங்கையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அச்சாட்சியை நானும் அழைக்கிறேன். அங்கே சிங்களவரிடையே பத்தினியை இந்து ஆக்குவதற்கு எவரும் இருக்கவில்லை. பௌத்தமே அரசு பேணிய மதம், பிட்சுக்களே ஆசான்கள். கண்டிப் பெரஹராவில் புத்தரின் தந்ததாதுப் பேழையைச் சுமந்த ஊர்வலத்தின் பின்னே நாதர், விஷ்ணு, கதிர்காமக் கடவுள் ஆகியோரின் தேவாலயங்களோடு பத்தினியின் தேவாலயமும் இன்றும் வருகிறது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் விரிப்பதுபோல, அவள் அங்கே எதிர்காலத்தில் புத்தத்துவம் எய்த நோற்றிருப்பவள்; அதே சமயம் அம்மையும் கொள்ளைநோயும் தீர்க்கும் தாய். பௌத்தம் ஓங்கிய நாட்டில், மறைக்க யாதொரு தேவையும் இல்லாத இடத்தில், ஆயிரம் ஆண்டு வணக்கத்துக்குப் பிறகும் அவள் புத்தராகிவிடவில்லை, பத்தினியாகவே இருக்கிறாள் என்றால், எல்லைக்கு இப்பால் அவள் முகத்தைக் கழற்றிப் பார்க்க ஏணி தேடுவோர் அதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள் என்பதை முதலில் கேட்டு, பிறகு மங்கலதேவிக்குச் செல்லும் பழியன்குடிப் பாதையில் ஏறலாம்.